நைலெக்ஸ் துணியில் ஒரு முகம்

என் வயதுக்காரர் நாலு பேர் எங்காவது கூடினால் பேச்சு எப்படியும் அந்தப் போர் ஆண்டுகளுக்குப் போய்விடும். ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அரசாங்கம் எங்கள் பகுதிக்குள் எதையும் விடாமல் தடுத்தது, எல்லாவற்றையும் நாங்களே செய்து காட்டினோம் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை. நானும் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். எங்கள் வீட்டிலும் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. அதைப் பற்றி மட்டும் நான் அந்தப் பேச்சுகளில் கூட இருந்த உங்களிடம் வாய் திறந்ததில்லை. கண்டுபிடித்தவரை நான் வெறுத்தேன். கண்டுபிடித்ததை நாசமாக்கியதும் நான்தான்.

கோப்பாயில், பெரிய வீதியிலிருந்து தோட்டங்களுக்குப் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. முன்பக்கத்து இரண்டு அறைகளும் அப்பாவின் அச்சகம். காலால் மிதித்து ஓட்டும் பழைய இரும்பு இயந்திரம் ஒன்று, சுவரோரம் ஈய எழுத்துப் பெட்டிகள், ஒரு நீள மேசை. அவ்வளவுதான். மின்சாரம் நின்றபோது நகரத்துப் பெரிய அச்சகங்கள் ஓய்ந்துபோயின. எங்கள் இயந்திரத்துக்கு ஒரு மனிதனின் கால் போதும். அதனால் எங்கள் வாசலில் எப்போதும் யாராவது நின்றார்கள். மை வாடை அடுப்படி வரை வந்து சோற்றிலும் ஏறியிருந்தது.

எனக்குப் பத்து வயதில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்கு வேண்டிய மருந்து அப்போது ஊரில் எங்கும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அப்பா சின்னம்மாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கூட்டிவந்தார்.

சின்னம்மா குருநகர்க்காரி. கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். ஷெல் விழுந்து வீடு போனபின் குடும்பம் சிதறிவிட்டது. நகரத்து அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்தவர். அது பூட்டப்பட்டதும் எங்களிடம் வேலைக்கு வந்தார். வேலைக்கு வந்தவளை முதலாளி கட்டிக்கொண்டான் என்று ஊர் சொன்னது. எங்களுடன் இருந்த மாமிக்கு, அதாவது அப்பாவின் தமக்கைக்கு, அது தாங்க முடியாத அவமானம். சைவ வீட்டில் கடற்கரைக்காரி. மாமி அவருக்கென்று ஓர் அலுமினியக் கோப்பையைத் தனியே வைத்தார். சின்னம்மா தண்ணீர் அள்ளிவிட்டுப் போனால் கிணற்றுக் கயிற்றைக் கழுவிவிட்டுத்தான் மாமி தொடுவார். அப்பா இவற்றைக் கண்டும் காணாதவராக இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியது வேலை தெரிந்த ஒரு மனுசியும் வீட்டில் சத்தமில்லாமையும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்பது அவருக்கு ஏனோ விளங்கவேயில்லை.

சின்னம்மாவும் என்னைக் கொஞ்சிப் பிடிக்கப் பார்க்கவில்லை. வந்த முதல் நாளே சொன்னார்: “நான் உனக்குத் தாயாய் வரேல்லை. உன்ரை கொப்பரைக் கட்டி வந்தனான். நீ என்னோடை சண்டை பிடிக்காட்டி நானும் பிடிக்கமாட்டன்.”

நான் பிடித்தேன். அவர் கோத்து வைத்த எழுத்துகளை மேசையிலிருந்து தட்டிவிட்டேன். அவருடைய செபமாலையைக் கிணற்றடி வாழைக்குள் எறிந்தேன். அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. தேவை வந்தால் “இஞ்சை” என்பேன். அவரும் “என்ன” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

இனி அந்தக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். ஈய எழுத்தில் சொற்களை அச்சிடலாம், முகத்தை அச்சிட முடியாது. முகத்துக்கு ‘புளொக்’ என்ற உலோகத் தகடு வேண்டும். அது கொழும்பில் செய்து வர வேண்டும். பாதை மூடியபின் ஒரு புளொக்கும் வரவில்லை. அந்த ஆண்டுகளிலோ எங்களுக்கு வந்ததெல்லாம் சாவு வேலை. முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவுப் புத்தகத்தில், கல்வெட்டு என்று நாங்கள் சொல்வதில், முதற்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்க வேண்டும். அப்பாவிடம் குத்துவிளக்குப் புளொக் ஒன்று இருந்தது. எல்லாருடைய முகத்துக்கும் பதிலாக அதையே போட்டு அடித்தார். பதினெட்டு வயதுப் பெடியனுக்கும் குத்துவிளக்கு, எண்பது வயதுக் கிழவருக்கும் குத்துவிளக்கு.

“முகம் இல்லாமல் என்ன கல்வெட்டு?” என்று சின்னம்மா ஒருநாள் கேட்டார்.

“அப்ப நீர் செய்து காட்டும்,” என்றார் அப்பா, பகிடியாக.

சின்னம்மா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. முதலில் தேய்ந்த செருப்பின் ரப்பரைச் சவர அலகால் செதுக்கிப் பார்த்தார். முகம் பூசணிக்காய் போல வந்தது. மாமி அந்தத் தாளை எடுத்து ஒழுங்கையால் போன எல்லாருக்கும் காட்டினார். பிறகு சின்னம்மா வேப்பம் பலகையில் வெட்டினார். பலகை வெடித்தது. நகரத்து அச்சகத்தில் வேலை செய்தபோது, துணியில் படத்தை ஏற்றித் துணியின் கண்களுக்குள்ளால் மையைத் தள்ளி அச்சிடும் முறை ஒன்று உண்டென்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாராம். கண்ணால் கண்டதில்லை. மாதிரிப் பரீட்சைத் தாள் அச்சிட வந்த விஞ்ஞான ரீச்சரிடம் அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். ரீச்சர் அடுத்த முறை வரும்போது பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து செம்மஞ்சள் நிற உப்புக் கொஞ்சம் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

“முட்டை வெள்ளைக்கருவிலை கலந்து துணியிலை பூசுங்கோ. வெய்யில் பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணியிலை கழுவுப்படும். வாசிச்சதுதான், செய்து பார்க்கேல்லை.”

செய்து பார்ப்பதற்குச் சின்னம்மாவுக்கு மூன்று மாதம் பிடித்தது. துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, இருட்டறையில் முட்டையும் உப்பும் பூசிக் காயவைப்பார். புகைப்படத்தின் மேல் எண்ணெய் பூசிய மெல்லிய தாளை வைத்து, கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக முகத்தை எடுப்பார். நிழல் விழுந்த இடத்தில் நெருக்கமாக, வெளிச்ச இடத்தில் ஐதாக. ஒரு முகத்துக்கு ஒரு பகல் முழுதும் போகும். அந்தத் தாளைத் துணியின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, முற்றத்து வெய்யிலில் பிடிப்பார். பிறகு கழுவுவார். கறுப்புப் புள்ளி மறைத்த இடமெல்லாம் கரைந்துபோய், துணியில் அந்த முகம் மட்டும் ஓட்டையாக நிற்கும். அதன் வழியே மையைத் தள்ளினால் கீழே உள்ள தாளில் முகம்.

சொல்ல இலகுவாக இருக்கிறது. வெய்யில் கூடினால் எல்லாமே இறுகிவிடும், குறைந்தால் எல்லாமே கரைந்துவிடும். வீட்டில் இருந்த ஒரே மணிக்கூடு நின்று ஒரு வருடமாகியிருந்தது. நான் வாழைக்குள் எறிந்து அவர் தேடிப் பிடித்த அந்தச் செபமாலையைச் சின்னம்மா கையில் எடுத்தார். நடு முற்றத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு “அருள் நிறைந்த மரியே” சொல்லி மணி உருட்டினார். பத்து மணி உருட்டிக் கழுவிப் பார்த்தார், பதினைந்து உருட்டிப் பார்த்தார். இருபது மணி சரியாக வந்தது. மாமிக்கு இதெல்லாம் தெரியாது. சைவ வீட்டு முற்றத்தில், உச்சி வெய்யிலில், அவள் ஏதோ மந்திரம் செய்கிறாள் என்று அயலெல்லாம் சொல்லிவிட்டார். ஆடிச் செவ்வாயன்று வேலிக்குள் முட்டைக் கோது கிடந்ததைக் கண்டு அவர் போட்ட சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

“விரத நாளிலை ஒளிச்சு முட்டை தின்னுறாள்! என்ரை தம்பியின்ரை வீடு நாறுது!”

“நான் தின்னேல்லை, மச்சாள். மஞ்சள் கரு முழுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்தனான். போய்க் கேட்டுப் பாருங்கோ.”

மாமி போய்க் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும். நான் மாமியின் பக்கத்தில் நின்றேன்.

துணிதான் பெரிய சிக்கல். பருத்தி ஊறித் தொய்ந்தது. கொசுவலையின் கண் பெரிது. நல்ல நெருக்கமான, மெல்லிய, தொய்யாத துணி வேண்டும் என்று சின்னம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அது கிடைத்தது. சட்டத்தில் இளநீலத் துணி. அதில் வந்த முதல் முகம் வட்டுக்கோட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவருடையது. கண்ணுக்குள் இருந்த ஒளிகூட வந்திருந்தது. ஆசிரியரின் மனைவி தாளைப் பிடித்துக்கொண்டு அச்சக வாசலிலேயே இருந்துவிட்டார்.

சின்னம்மா அதோடு விடவில்லை. பலகை ஒன்றில் இரண்டு கதவுப் பிணைச்சல் பூட்டிச் சட்டத்தை அதில் மாட்டினார். சைக்கிள் இருக்கையின் கம்பிச்சுருள் ஒன்றைப் பொருத்தினார். கையை எடுத்தால் சட்டம் தானே மேலே எழும். தாளின் மூலை எப்போதும் ஒரே இடத்தில் போய் இருக்க மூன்று ஆணி அடித்தார். அப்பா மிதி இயந்திரத்தில் சொற்களை அச்சிடும்போது உள்ளங்கை அளவு இடத்தை வெறுமையாக விடுவார். காய்ந்த தாள் இந்தப் பலகைக்கு வரும். முகம் பிசகாமல் அந்த இடத்தில் விழும். வேறு ஊர் அச்சகக்காரர் பார்க்க வந்தார்கள். அப்பா “என்ரை மிசின்” என்று விளக்கிக் காட்டுவார். வெய்யில் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், உள்ளே திரும்பி, “இஞ்சரும், எத்தினை மணி?” என்பார். “இருபது” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

அந்த இளநீலத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அம்மாவின் நைலெக்ஸ் சேலை. அம்மா அதை உடுத்திக்கொண்டு அப்பாவின் சைக்கிளின் முன் பாரில் இருந்து கோயிலுக்குப் போவார். காற்றில் தலைப்பு பின்னால் இருந்த என் முகத்தில் அடிக்கும். ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அந்த மடிப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

மாமி பின்னால் வந்து நின்றார். “உன்ரை கொம்மாவின்ரை சேலையைக் கிழிச்சுப்போட்டாள். கேக்க ஆளில்லை எண்டுதானே.”

நான் அழவில்லை. என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விடியவே கீரிமலை அக்கா வந்தார். கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக் கொட்டில் ஒன்றில் தகப்பனோடு இருந்தவர். முப்பது வயதிருக்கும். வியர்த்து ஒழுக வந்து, அடையாள அட்டைப் படம் ஒன்றை மேசையில் வைத்தார்.

“ஐயாவை முந்தாநாள் விடிய முதல் காணேல்லை. அறளை பெயர்ந்திட்டுது அவருக்கு, ஒண்டும் ஞாபகம் நிக்காது. ஆடி அமாவாசை வருகுதெல்லே, தகப்பனுக்குக் கேணியிலை முழுகோணும், வீட்டை போவம் எண்டு ஒரு கிழமையாய் ஒரே கரைச்சல்.”

“எங்கை தேடினீங்கள்?” என்று சின்னம்மா கேட்டார்.

“எல்லா இடமும். வேட்டி கட்டி வீபூதி பூசின கிழவரைக் கண்டனீங்களோ எண்டு கேட்டா, எந்தக் கிழவரைக் கேக்கிறாய் எண்டு திருப்பிக் கேக்கினம். பேர் கேட்டாலும் அவர் தன்ரை தகப்பன்ரை பேரைத்தான் சொல்லுவார். இந்த முகத்தைக் காட்டினாத்தான் பிடிக்கலாம். இஞ்சை முகம் அடிக்கிறீங்கள் எண்டு சொல்லிச்சினம்.”

அவர் எதற்குப் பயந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கீரிமலைக் கேணியும் கோயிலும் இராணுவத்தின் பக்கம் இருந்தன. சுன்னாகம், மல்லாகம் என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் ஆட்கள் முடிந்துவிடும். பிறகு வெறும் வெளி, கண்ணிவெடி, அதற்கு அப்பால் காவலரண்கள். பகலில் அந்த வெளியில் அசைந்த எதையும் சுட்டார்கள். அந்தப் பாதையில் ஒவ்வொரு சந்தியிலும் அவர் முகத்தை ஒட்டினால், காண்கிறவர் யாராவது கையைப் பிடித்து நிறுத்துவார்.

சின்னம்மா அப்போதே தொடங்கினார். படத்தில் பெரியவரின் இடப் புருவம் ஒரு தழும்பால் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதைச் சரியாக எடுக்க வேண்டும் என்று புள்ளி புள்ளியாக வைத்தார். பின்னேர வெய்யில் சாய முன் துணியில் ஏற்றிக் கழுவி முடித்துவிட்டார். சட்டத்தை இருட்டறையில் காய வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அப்பா தாள் தேடிச் சைக்கிளில் போயிருந்தார். விடிந்ததும் அச்சிடுவதாக ஏற்பாடு.

நான் அச்சக அறைக்குள் போனேன். மேசையில் ஈய எழுத்தில் கோத்த பலகை கிடந்தது. அச்சகக்காரன் பிள்ளைக்குத் தலைகீழ் எழுத்தை வாசிப்பது பெரிய வேலையில்லை. ‘காணவில்லை’ என்று இருந்தது. கல்வெட்டு என்று நினைத்துத்தான் செய்தேன், செத்தவர் படம் என்று நினைத்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். வாசித்தேன். வாசித்து விளங்கிக்கொண்டுதான் எழுத்துப் பிடுங்கும் ஊசியைக் கையில் எடுத்தேன்.

இருட்டறையில் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அம்மாவின் சேலையில் அந்தக் கிழவர் என்னைப் பார்த்தார். நெற்றியில் ஊசியைக் குத்தி நாடி வரைக்கும் இழுத்தேன். நைலெக்ஸ் கிழியும்போது மெல்லிய கீச்சுச் சத்தம் வரும். குறுக்காகவும் இழுத்தேன். புள்ளி வைத்த எண்ணெய்த் தாள் பக்கத்தில் கிடந்தது. அதைக் கசக்கிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். மாமி அடுப்படியில் இருந்தார். தாள் எரிவதைப் பார்த்தார். பானையைக் கிளறத் தொடங்கினார்.

அப்பா திரும்பி வந்ததும் சின்னம்மா சட்டத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். நான் கதவு மறைவில் நின்றேன்.

“என்ன இது?”

“ஊசி இருந்த தட்டு மேலை விழுந்திட்டுது. நான் கவனிக்கேல்லை.”

“கவனிக்கேல்லையோ? அந்தப் பிள்ளை நாளைக்கு விடிய வரப்போகுது, என்ன சொல்லுறது? கடற்கரைப் புத்தி! ஒரு சாமானைச் சரியாய் வைக்கத் தெரியாத சனம்!”

மாமி தன் வாயால் எத்தனையோ சொல்லியிருக்கிறார். அப்பா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, “எண்ணெய்த் தாளும் இல்லை. திருப்பிப் புள்ளி வைக்கோணும். ஒரு பகல் வேணும். துணியும் வேணும்,” என்றார்.

அப்பா மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். மிச்ச இளநீலச் சேலை அதற்குள் சுருட்டிக் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்தார்.

“இனியும் உதை வெட்டாதேங்கோ,” என்றார் சின்னம்மா. “அது பிள்ளையின்ரை தாயின்ரை. அண்டைக்கும் சொன்னனான்.”

“அண்டைக்கும் நீர் சொன்னனீர்தான், நான் வெட்டினனான்தான். இப்ப அதுக்கென்ன? செத்தவளுக்குச் சேலை வேணுமோ?”

துணி வெட்டுப்படும் சத்தம் கேட்டது. அப்பா என்னைக் காணவில்லை. வெட்டியது அவர் என்று மாமிக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா தன்பாட்டில் வெட்டினார், மாமி பழியை எங்கே போடவேண்டுமோ அங்கே போட்டார், இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் காலமை அப்பா வெளியே போனதும் சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். எண்ணெய்த் தாள், படம், பேனா எல்லாம் மேசையில் இருந்தன.

“இரு,” என்றார். இருந்தேன்.

“ஊசி விழுந்தா நெத்தியிலையிருந்து நாடிவரைக்கும் நேர்க்கோடு வராது. நான் கொப்பருக்குச் சொல்லமாட்டன்.”

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“உன்னிலை இரங்கியெண்டு நினையாதை. சொன்னா, சின்னப்பிள்ளை, தாயில்லாப் பிள்ளை எண்டு எல்லாரும் மன்னிச்சுப்போடுவினம். அந்தக் கிழவன்ரை மோளும் மன்னிப்பாள். உனக்கு அது கிடைக்கக் கூடாது. நீ வைச்சுக்கொண்டிரு.”

பேனாவை என் பக்கம் தள்ளினார். “புருவத்திலையிருந்து தொடங்கு.”

அன்று முழுக்க நான் புள்ளி வைத்தேன். பிழை விட்ட இடத்தை அவர் சுரண்டிவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். அடுத்த நாள் வானம் மூடிவிட்டது. ஆடியில் அப்படி மூடுவது அபூர்வம். சின்னம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். இருபது மணி போதவில்லை. முப்பதும் போதவில்லை. முதற்தடவை முகம் முழுவதும் கரைந்து ஓடிவிட்டது. திரும்பப் பூச முட்டை வேண்டும். மாமி முதல்நாளே அயலில் போய், யாரும் முட்டை கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். சின்னம்மா உரும்பிராய் வரை நடந்துபோய் வாங்கிவந்தார். கீரிமலை அக்கா இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு தடவையும் சின்னம்மாதான் வாசலுக்குப் போய் நின்று, தன் கையால் வேலை பிழையாகிவிட்டது என்று சொன்னார். இரண்டாம் தடவை அக்கா கத்தினார்.

“உங்களுக்கு இது வேலை. எனக்கு என்ரை ஐயா!”

“ஓம்,” என்றார் சின்னம்மா. “ஏசுங்கோ.”

வெய்யில் எட்டிப் பார்த்த சிறு நேரத்தில் முகம் துணியில் ஏறி, மூன்றாம் நாள் விடிய நோட்டீஸ் கிடைத்தது. கோடு போட்ட கொப்பித் தாளில், பிரிந்த புருவத்தோடு பெரியவர் தெளிவாக இருந்தார். அப்பாவும் அயலவர் இருவரும் சைக்கிளில் எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவும் போனார். சந்தி சந்தியாக ஒட்டினார்கள்.

அன்று பின்னேரமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அழவில்லை. அச்சகத்துக் கதிரையில் இருந்தார்.

“மல்லாகத்துத் தேத்தண்ணிக் கடையிலை ஒட்டினனான். கடைக்காரர் படத்தைப் பார்த்தவுடனை சொன்னார், நேற்றுக் காலமை உந்த ஆள் இஞ்சைதான் தண்ணி வாங்கிக் குடிச்சது எண்டு. புருவத்தைக் கண்டவராம். எங்கை போறியள் எண்டு கேட்க, முழுகப் போறன் எண்டு சொன்னவராம். ஆரோ உள்ளூர்க் கிழவர், கிணத்தடிக்குப் போறார் எண்டு நினைச்சு விட்டிட்டாராம்.” கையில் மிச்சமிருந்த தாளை நிமிர்த்திப் பிடித்தார். “இந்தத் தாள் நேற்று இருந்திருந்தா, கட்டிவைச்செண்டாலும் மறிச்சிருப்பன் எண்டு சொல்லிப்போட்டு அந்த மனுசன் தலையிலை அடிச்சுக்கொண்டு அழுதது.”

அறையில் அப்பா நின்றார், மாமி நின்றார், நான் நின்றேன். சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அமாவாசை வந்தது, போனது. அந்த வெளியில் போய்த் தேட யாராலும் முடியாது. அமாவாசையன்று காலை வடக்குப் பக்கம் இரண்டு சூட்டுச் சத்தம் கேட்டதென்று ஒருவர் சொன்னார். அது ஒவ்வொரு நாளும் கேட்பதுதான் என்று இன்னொருவர் சொன்னார். உடல் வரவில்லை. உறவினர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொன்னபோது, “செத்ததெண்டு ஆர் கண்டது?” என்று அக்கா மறுத்துவிட்டார். எங்களிடம் கல்வெட்டு அடிக்க வரவில்லை. சில மாதத்துக்கு ஒருக்கால் நோட்டீஸ் கேட்டு வந்தார். மழையில் ஊறிப் போனது, ஆடு தின்றுவிட்டது என்று ஏதாவது சொல்வார். சின்னம்மா அச்சிட்டுக் கொடுத்தார். அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். நான் மையைத் தள்ளுவேன். அவர் தாளை வைப்பார். நாங்கள் இருவரும் அருகருகே நின்றது அந்தப் பலகையின் முன்னால் மட்டும்தான். மாமியின் பக்கம் நான் பிறகு போகவில்லை. சின்னம்மாவின் பக்கம் போகவும் அவர் விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, இராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமத்தை எல்லாரும் ஒரே நாளில் விட்டுப் போக வேண்டி வந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை. ஒழுங்கையில் இறங்கியபோதே சனம் தோளோடு தோள் இடித்தது. அப்பா மாமியைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளினார். இயந்திரம், எழுத்துப் பெட்டிகள், பிணைச்சல் பூட்டிய பலகை எல்லாம் உள்ளே இருக்க வீட்டைப் பூட்டினோம். பிறகு வந்து பார்த்தபோது ஒன்றும் இருக்கவில்லை.

பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு வீட்டு வாசற் படலையில் கீரிமலை அக்கா நின்றார். அந்த வருடம் நீர்வேலிக் கொட்டில் மழைக்குச் சரிந்துவிட, அந்த வீட்டின் பின்னறையில் இருந்தார். கையில் ஒரு பையும் இல்லை.

“நீங்கள் வெளிக்கிடேல்லையோ?” என்று சின்னம்மா கேட்டார்.

“நானும் போனா, ஐயா வந்தா ஆர் இருக்கிறது?”

சனம் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. நான் சின்னம்மாவின் கையை உதறிவிட்டுத் திரும்பிப் படலைக்கு ஓடினேன். எனக்கு அப்போது பதினாலு வயது. எதையும் யோசித்துச் செய்யவில்லை. அவர் இனி இருப்பாரோ, நான் இருப்பேனோ தெரியாது என்பது மட்டும் விளங்கியது.

“அக்கா, அண்டைக்குச் சட்டத்தைக் கிழிச்சது நான். தட்டு விழேல்லை. நான்தான் ஊசியாலை கிழிச்சனான். காணவில்லை எண்டு இருந்ததை வாசிச்சுப்போட்டுத்தான் கிழிச்சனான்.”

மழைத் தண்ணீர் அவர் முகத்தால் வழிந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். தலையைத் தடவி மன்னித்துவிடுவாரோ என்றும் பயந்தேன். அவர் உள்ளே போனார். பொலித்தீன் பையில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் நெஞ்சில் அழுத்தினார். நோட்டீஸ்கள்.

“நூறு வரையிலை இருக்கும். நீங்கள் போற சாவகச்சேரிப் பக்கம் ஒருத்தரும் இன்னும் ஒட்டேல்லை,” என்றார். “அப்ப நீதான் ஒட்டோணும்.”

படலையைச் சாத்தினார்.

செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க எவ்வளவு நேரம் பிடித்ததென்று எல்லாரும் சொல்வார்கள். நான் அந்தக் கட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் சாவகச்சேரியில் பள்ளிக்கூடம் ஒன்றின் வராந்தாவில் இடம் கிடைத்தது. அப்பா படுத்துவிட்டார். மாமி படுத்த இடத்திலிருந்தே யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, யாரோ கஞ்சி காய்ச்சிய பானையின் அடியை ஒரு சிரட்டையில் வழித்து எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பள்ளிக்கூட மதில் முழுவதும் அதற்குள் தாள்கள் ஒட்டியிருந்தன. இன்ன இடத்து இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறோம், கண்டவர்கள் சொல்லவும். வழியில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள், தாயைத் தவறவிட்டவர்கள். எல்லாம் கையெழுத்து. ஒன்றிலும் முகம் இல்லை.

கஞ்சியைப் பூசி முதல் தாளை ஒட்டினேன். மழை ஈரத்தில் அது வழுக்கியது. திரும்ப அழுத்தினேன்.

பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா. நடந்து வீங்கிய கால்களோடு நின்று மதிலைப் பார்த்தார். எப்படி இது என்னிடம் வந்தது என்று கேட்கவில்லை. நான் படலையடியில் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என் கையிலிருந்த சிரட்டையை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

“கோணலாய்க் கிடக்கு,” என்றார். “உரிச்சு நேராய் ஒட்டு.”